அடைமொழியும் அறமும்

மொழிப் பயிற்சிகளுள் மிக எளிதானதாகக் கருதப்படுவது, சில சொற்களைக் கொடுத்து அவற்றை வாக்கியங்களில் அமைத்து எழுதுமாறு மாணவரைப் பணிப்பதாகும். ஆசிரியருக்கு அதிக ஆயத்தம் வேண்டியதில்லை, மாணவருக்கு அதிக நேரம் வேண்டியதில்லை, திருத்துவதும் இலகு. எழுவாயும் பயனிலையும் இயைந்தனவா, வேற்றுமை உருபு முறையாக வந்ததா, ஒற்று மிக வேண்டிய இடத்தில் மிக்கதா என்று பார்த்துச் சரியடையாளம் இட்டுக்கொண்டு போகலாம். ஆண்டுக்கணக்காக நானும் அவ்வாறே செய்து வந்தேன். அப்பயிற்சியினுள்ளே ஓர் அறப்பிரச்சினை அடங்கியிருக்கலாம் என்று நான் ஒருபோதும் எண்ணியதில்லை. சென்ற தவணையில் க.பொ.த. உயர்தர வகுப்புக்குக் கொடுத்த ஒரு சிறு பயிற்சிதான் அவ்வெண்ணத்தை என்னுள் எழுப்பியது.

அன்று நான் கொடுத்த சொற்கள் ஐந்து. அடக்கமான, சிக்கனமான, பிடிவாதமான, வஞ்சகமான, திமிர் பிடித்த என்பன அவை. யாவும் மனிதரின் நடத்தையைக் குறிக்கும் அடைமொழிகள். 31 மாணவர் எழுதித் தந்தனர். இரவு கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருந்தபோது, ஐந்தாவது சொல்லுக்கு வந்ததும் என் பேனை தயங்கியது. இலக்கணப் பிழை எதனையும் நான் காணவில்லை. வாக்கியங்கள் யாவும் செவ்வையாகவே இருந்தன. அவற்றுட் சிலவற்றை இங்கே தருகிறேன்.

கூலியைக் கூட்டித் தராவிட்டால் நாளை வேலைக்கு வரமாட்டேன் என்று திமிர் பிடித்த கூலியாள் சொன்னான். திமிர் பிடித்த மருமகள் மாமியாருக்கு மறுமொழி கூறினாள். திமிர் பிடித்த மாணவன் ஆசிரியரைப் பார்த்து ஏன் என்று கேட்டான். திமிர் பிடித்த ஏழை, பணக்காரர் கொடுத்த பழைய உடுப்பை வாங்க மறுத்தான்.

ஐயம் தோன்றவே, நான் எண்ணிப் பார்த்தேன். 31 வாக்கியங்களுள் 22இல் திமிர் பிடித்தவராகக் காட்டப்பட்டவர், ஏதோ ஒரு வகையில் மற்றவரிலும் பார்க்கத் தாழ்ந்த நிலையில் இருப்பவர். கூலியாள், வேலைக்காரி, மருமகள், இளையவன், கடன்பட்டவன் ஆகியோர். ஆறு வாக்கியங்களில் மட்டுமே அச்சொல் முதலாளிக்கோ அதிகாரிக்கோ உரியதாயிற்று. இரண்டில் அது காளைமாட்டுக்குப் போயிற்று. எஞ்சிய ஒரு வாக்கியத்தைப் பற்றிப் பின்னர்க் கூறுவேன்.

இவ்வாறு எழுதிய பிள்ளைகள் தீய எண்ணம் படைத்தவர்கள் அல்லர். அவர்களுட் பலர் கூலி வேலை செய்வோரின் பிள்ளைகள். தம் தந்தையர் நாளாந்தம் கேட்க வேண்டிய ஒன்றைத்தான் அந்தக் கூலியாள் கேட்டான் என்பதைக்கூட உணராது, அவனைத் திமிர் பிடித்தவன் என்று அவர்கள் எழுதியிருந்தனர். சொல்லை அவர்கள் பிழையாகக் கற்றார்கள் என்று சொல்வதற்கும் இடமில்லை. சமூகத்தில் அச்சொல் எவ்வாறு வழங்குகிறதோ அவ்வாறே கற்றுக்கொண்டு, அவ்வாறே திருப்பித் தந்தனர். வழக்கின்படி பார்த்தால் அவை சரியான வாக்கியங்களே. அப்படியாயின் அவற்றிற்குச் சரியடையாளம் இடுவதா? இதுவே அன்றிரவு என்முன் நின்ற கேள்வி.

முதலில் சொல்லையே எடுத்துக்கொள்வோம். திமிர் என்னும் சொல் இன்று செருக்கு, அடங்காமை என்னும் பொருள்களிலேயே பெருவழக்காக உள்ளது. ஆயின் அதற்கு உடலைப் பற்றிய ஒரு பொருளும் உண்டு. நெடுநேரம் காலை மடித்து அமர்ந்திருந்தால் கால் மரத்துப் போகிறதல்லவா? கிள்ளினாலும் உணராத அந்நிலையைத் திமிர் என்றும் திமிர்த்தல் என்றும் கூறுவர். திமிர்வாதம் என்னும் நோய்ப்பெயரும் இவ்வழிப் பிறந்ததே. உணர்ச்சியற்ற விறைப்பு என்பதே இச்சொல்லின் உள்ளீடு. உடலுறுப்புக்கு நேர்வதை மனத்துக்கு ஏற்றிக் கூறும்போது, அடுத்தவனுடைய நோவு உறைக்காத மனநிலை என்னும் பொருள் பெறப்படும்.

அடுத்து, பிடித்த என்பதை நோக்குவோம். பேய் பிடித்த, பித்துப் பிடித்த, பாசி பிடித்த, துருப் பிடித்த என்று நாம் வழங்குகிறோம். இவை யாவற்றிலும் புறத்தேயிருந்து ஒன்று வந்து பற்றிக்கொள்கிறது. துருப் பிடித்த இரும்பு என்னும்போது இரும்பும் துருவும் வேறு வேறு என்பது தெளிவாகிறது. துருவைத் தேய்த்து அகற்றினால் இரும்பு இரும்பாகவே எஞ்சும். திமிர் பிடித்த மனிதன் என்னும் வழக்கும் அத்தகையதே. அவனைத் திமிர் பற்றியிருக்கிறது. அது அவனை விட்டு நீங்கவும் கூடும். சொல்லின் அமைப்பு, அதனை வழங்குவோரிலும் பார்க்க இரக்கமுடையதாக இருப்பதை இங்கே காணலாம்.

இவ்விரு கூறுகளையும் சேர்த்துப் பார்த்தால் திமிர் பிடித்த நடத்தை எது என்பது விளங்கும். பிறன் நோவு தனக்கு உறைக்காதபடி மனம் மரத்துப்போன ஒருவன் செய்யும் செயலே அது. இப்பொருளைக் கொண்டு என் மாணவரின் வாக்கியங்களுக்குத் திரும்புவோம். குறைந்த கூலிக்கு வரமாட்டேன் என்ற கூலியாளுக்கு எது மரத்துப்போயிருந்தது? தன் வயிற்றையும் தன் பிள்ளைகளின் வயிற்றையும் உணர்ந்தபடியால் அல்லவா அவன் பேசினான்? பழைய உடுப்பை வாங்க மறுத்த ஏழை, மானத்தை உணர்ந்தவன். இவர்களுக்கு உணர்ச்சி குறைந்தது என்று எவரும் கூற முடியாது. முழுநாள் வேலை வாங்கிவிட்டு அரைநாட் கூலி கொடுத்து, அதனைக் கேட்டவன்மீது சினங்கொள்பவனிடத்தே அன்றோ அம்மரப்பு இருக்கிறது? சொல் தனக்குரிய இடத்தை விட்டு, நேர் எதிரான இடத்திற் போய் அமர்ந்திருக்கிறது. சொற்களுக்கும் குடிபெயர்வு உண்டு. அவற்றை ஓரிடத்திலிருந்து எழுப்பி இன்னோரிடத்திற் குடியேற்றுவோர் பெரும்பாலும் அதிகாரமுடையோரே.

இச்சொல்லை நான் அகராதியிற் கற்கவில்லை. எங்கள் வீட்டுப் படலையடியிற் கற்றேன். 1990களின் இறுதி அது, போர்க்காலம். ஊரில் எல்லோரும் சைக்கிளிலேயே திரிந்தனர். எங்கள் தோட்டத்துக்கு நெடுங்காலம் வேலைக்கு வந்துபோன ஒருவர், ஒருநாட் காலை சைக்கிளில் எங்கள் வாசலைக் கடந்து சென்றார். என் பாட்டனார் படலையடியில் நின்றார். வந்தவர் தலையசைத்துவிட்டுப் போனார். சைக்கிளை விட்டு இறங்கவில்லை. அவ்வளவுதான் நடந்தது. பாட்டனார் உள்ளே திரும்பி, “திமிர் பிடிச்சவன்” என்றார். எனக்கு அப்போது எட்டு வயது. அதே வாசலைத் தபாற்காரர் கடந்தார், அவர் இறங்கவில்லை. கிராமசேவகர் கடந்தார், அவரும் இறங்கவில்லை. அவர்களைப் பாட்டனார் ஒன்றும் சொல்லவில்லை. செயல் ஒன்றே, ஆட்கள் வேறு. ஒருவருடைய செயலுக்குப் பெயரே இல்லை. மற்றவருடைய செயலுக்கு மட்டும் ஓர் அடைமொழி இருந்தது. என் பாட்டனார் கொடியவர் அல்லர். பஞ்சத்தில் அயலவருக்கு நெல் அளந்தவர் என்று ஊரார் இன்றும் கூறுவர். எனினும், ஒரு மனிதன் சைக்கிளை விட்டு இறங்காதது அவருக்கு நொந்தது. தலைமுறை தலைமுறையாக அம்மனிதன் இறங்கி நடந்தது அவருக்கு ஒருநாளும் நொந்ததில்லை. மரத்துப்போன இடம் எது என்பதை நான் அறிந்துகொள்ள முப்பது ஆண்டுகள் வரை சென்றன.

யாழ்ப்பாணத்துச் சமூக வரலாற்றை அறிந்தவர்களுக்கு இந்நிகழ்ச்சி புதிதாகத் தோன்றாது. 1930ஆம் ஆண்டளவில், அரசாங்க உதவி பெறும் பாடசாலைகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் வழங்க வேண்டுமென்று பணிக்கப்பட்டது. அதுவரை நிலத்திலோ தாழ்ந்த வாங்கிலோ இருத்தப்பட்ட பிள்ளைகள் மற்றவரோடு சமமாக அமர்வதைப் பொறாத சிலர், பாடசாலைகளுக்குத் தீயிடவும் தயங்கவில்லை. 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடைச்சட்டம் வந்த பின்னரும், தேநீர்க் கடைகளில் ஒரு சாராருக்குப் போத்தலிலும் சிரட்டையிலும் தேநீர் கொடுக்கும் வழக்கம் நீடித்தது. 1966 ஒக்ரோபர் 21ஆம் நாள் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாண நகர் நோக்கிச் சென்ற ஊர்வலமும், 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் நடந்த போராட்டமும், மனிதன் மனிதனாக நடக்க விரும்பியதன் வெளிப்பாடுகளே. வாங்கில் அமர்வதும், கண்ணாடிக் குவளையில் தேநீர் அருந்துவதும், கோயில் வாயிலால் உட்செல்வதும் மிகச் சாதாரணமான செயல்கள். அவற்றை மற்றவர்கள் செய்தபோது அவற்றுக்கு எந்த அடைமொழியும் தேவைப்படவில்லை. ஒடுக்கப்பட்டவர்கள் செய்தபோதுதான் திமிர் என்ற சொல் ஊர்வாய்களில் ஏறிற்று. தீயிட்டவனுடைய செயலைக் குறிக்க அச்சொல் வழங்கப்பட்டதாக நான் கேட்டதில்லை.

இலக்கிய உலகமும் இதற்கு விலக்கன்று. 1960களின் தொடக்கத்தில் ஈழத்து முற்போக்கு எழுத்தாளர்கள் உழைக்கும் மக்களின் பேச்சுமொழியைத் தம் கதைகளிற் கையாண்டபோது, மரபுவாதிகள் சிலர் அதனை இழிசனர் வழக்கு என்றனர். கவனிக்க வேண்டியது யாதெனில், அம்மொழியின் எந்தக் கூறு இழிந்தது என்று அவ்வடைமொழி கூறவில்லை. ஒலியா, சொல்லா, தொடரமைப்பா என்ற ஆராய்ச்சிக்கு அது இடந்தரவில்லை. பேசுகிறவர் இழிந்தவர், ஆதலால் அவர் பேச்சும் இழிந்தது என்பதே அதன் வாதம். கைலாசபதியும் சிவத்தம்பியும் அவ்விவாதத்தில் மறுமொழி கூறினர் என்பது நாம் அறிந்ததே. எனினும் விவாதத்தை முடித்துவைத்தவை படைப்புகள் என்றே நான் கருதுகிறேன். டொமினிக் ஜீவாவின் தண்ணீரும் கண்ணீரும் 1960இல் வெளிவந்து சாகித்திய மண்டலப் பரிசைப் பெற்றது. டானியலின் பஞ்சமர் 1972இல் வந்தது. இழிந்தது எனப்பட்ட அப்பேச்சிலேயே மனித மேன்மை பேசப்படக் கூடும் என்பதை வாசகர் கண்டுகொண்டனர்.

நம் இலக்கண நூலார் அடைமொழியை இரண்டாகப் பகுத்துக் கூறுவர். ஒன்று இனமுள்ள அடை. மற்றையது இனமில்லா அடை. செந்தாமரை என்றால் வெண்டாமரையும் உண்டு என்பது பெறப்படும். செம்மை என்பது ஒருவகைத் தாமரையை மற்றதினின்றும் வேறுபடுத்துகிறது. செஞ்ஞாயிறு என்றால் கருஞாயிறு ஒன்று இருப்பதாகக் கொள்வதில்லை. அங்கே அடை எதனையும் வேறுபடுத்தாது இயல்பைக் குறித்து நிற்கிறது. இப்பகுப்பு வெறும் தேர்வுக்காக மனனம் செய்யப்படுவதொன்றாகவே நம்மிடையே இருந்து வருகிறது. ஆயினும் இழித்துரைக்கும் அடைமொழிகளைச் சோதிப்பதற்கு இதனிலும் சிறந்த கருவி வேறில்லை. திமிர் பிடித்த பேச்சு என்று ஒருவன் கூறும்போது, திமிர் பிடிக்காத பேச்சும் அதே மனிதனிடம் உண்டு என்று அவன் ஒப்புக்கொள்கிறான். அது இனமுள்ள அடை. திமிர் பிடித்த கூட்டம், இழிந்த சாதி, நன்றிகெட்ட சனங்கள் என்னும்போதோ, அடை இனமில்லா அடையாகி விடுகிறது. ஞாயிற்றுக்குச் செம்மை போல, அம்மக்களுக்கு இழிவு இயல்பு என்று ஆகிறது. கண்டனம் என்ற பெயரில் அங்கே நடப்பது கண்டனமன்று. கண்டனம் திருந்துமாறு கேட்பது; இதுவோ திருந்த இடமில்லை என்று கூறி வாயிலை அடைப்பது.

இலக்கணம் இன்னுமொன்றையும் உணர்த்துகிறது. திமிர் பிடித்த பேச்சு என்பதில் பிடித்த என்பது பெயரெச்சம்; அது செயலோடு ஒட்டி நிற்கிறது. திமிர் பிடித்தவன் என்பது வினையாலணையும் பெயர். செயல் ஆளின்மேல் ஏறிவிட்டது. எனினும் காலம் அதில் இன்னும் தெரிகிறது. கீழ்மகன், கயவன் என்பன வெறும் பெயர்கள். அவற்றிற் காலமும் இல்லை, செயலும் இல்லை. முதலாவது சாட்சியம் கூறுவது போன்றது. இரண்டாவது தீர்ப்புக் கூறுவது போன்றது. மூன்றாவது தண்டனையை நிறைவேற்றுவது போன்றது. நாளாந்த வாழ்வில் நாமோ சாட்சியத்தைக் கேளாமலே தண்டனைக்குச் சென்றுவிடுகிறோம். ஒருவனுடைய ஒருநாட் செயலைக் கண்டு அவனுக்கு ஆயுட்காலப் பெயரொன்றைச் சூட்டிவிடுகிறோம்.

இனி, நான் விட்டுவைத்த அந்த ஒரு வாக்கியத்துக்கு வருகிறேன். ஒரு மாணவி எழுதியது அது. “நான் கேள்வி கேட்டபோது திமிர் பிடித்தவள் என்று சொன்னார்.”

கொடுக்கப்பட்ட சொல் திமிர் பிடித்த என்பது. அவள் எழுதியதோ திமிர் பிடித்தவள் என்பது. பயிற்சியின் விதிப்படி அது பிழை. ஒரு புள்ளி குறைக்கலாம். அதுவன்றி, சொன்னார் என்பதற்கு எழுவாய் தோன்றவில்லை. சொன்னவர் யார் என்பது வாக்கியத்தில் இல்லை. தோன்றா எழுவாய் என்று இதற்கு நாம் பெயர் கூறுவோம். அந்த எழுவாய் எனக்குத் தோன்றிற்று. அது நானே.

மூன்று வாரங்களின் முன், ஈ, தா, கொடு என்னும் சொற்களைப் பற்றிய விதியை நான் கற்பித்துக்கொண்டிருந்தேன். இரப்பவன் தன்னிலும் உயர்ந்தவனிடம் ஈ என்றும், தன்னோடு ஒத்தவனிடம் தா என்றும், தன்னிலும் தாழ்ந்தவனிடம் கொடு என்றும் கேட்பான் என்பது விதி. அம்மாணவி எழுந்து, யார் உயர்ந்தவர், யார் தாழ்ந்தவர் என்று முதலில் தீர்மானித்தது யார் என்று கேட்டாள். பாடத்திட்டம் முடியவில்லை, தவணைப் பரீட்சை அண்மித்திருந்தது, நான் களைத்திருந்தேன். “இது திமிர் பிடித்த கேள்வி” என்றேன். அவள் அமராது நின்றாள். “திமிர் பிடித்தவள், இரு” என்றேன். பெயரெச்சத்திலிருந்து வினையாலணையும் பெயருக்குச் செல்ல எனக்கு எத்துணைக் குறைந்த நேரம் பிடித்தது என்பதை இப்போது நினைக்கிறேன். அவள் எழுதிய வாக்கியத்திற் பிழை என்று நான் கண்ட அந்தச் சொல்மாற்றம் அவள் செய்ததன்று, நான் செய்தது. அவள் அதனைப் பதிவு செய்தாள், அவ்வளவே.

களைப்பினாற் சொன்னேன் என்று என்னை நான் தேற்றிக்கொண்டிருக்கலாம். ஆனால் இன்னொரு நிகழ்ச்சியும் நினைவுக்கு வந்தது. அதற்கு முந்திய வாரம், அதே வகுப்பில், ஒரு வைத்தியரின் மகன் எழுந்து, நரகரை உயர்திணையிற் சேர்த்த நன்னூலார் விலங்குகளை அஃறிணையில் வைத்தது நீதியா என்று கேட்டான். அதுவும் விதியை வினாவிய கேள்விதான். அதுவும் பாடத்திட்டத்துக்குப் புறம்பானதே. “கூர்மையான கேள்வி” என்று நான் பாராட்டினேன். மாணவியின் தந்தை நாட்கூலிக்கு வேலை செய்பவர். இவ்வேறுபாட்டை நான் எண்ணிச் செய்யவில்லை. எண்ணாமற் செய்தேன் என்பதுதான் எனக்கு அச்சந்தருகிறது. படலையடியில் எட்டு வயதிற் கற்ற பாடம், பல்கலைக்கழகப் பட்டத்துக்குக் கீழே அழியாமல் இருந்திருக்கிறது. பட்டம் துருவின்மேற் பூசிய வர்ணம் போலும்.

இவ்விடத்தில் ஒரு தடை எழுப்பப்படலாம். அப்படியாயின் எளியோரைக் கண்டிக்கும் உரிமை ஒருவருக்கும் இல்லையா? வறியவன் எல்லாம் நல்லவனா? அல்லன். பகல் முழுவதும் முதலாளியின் முன் கைகட்டி நின்றுவிட்டு, இரவில் மனைவியை அடிக்கிற தொழிலாளியின் நடத்தை திமிர் பிடித்த நடத்தைதான். அவளுடைய நோவு அவனுக்கு உறைக்கவில்லை. அச்சொல்லை அங்கே வழங்கத் தயங்குவது கருணையன்று. அப்பெண்ணுக்குச் செய்யும் துரோகம். ஒரு வகுப்பாருக்கு மட்டுமே உரியதென்று இச்சொல்லைத் திருப்பி எழுதிவிட்டால், நாமும் இனமில்லா அடையையே உண்டாக்கியவர் ஆவோம். அது பழைய பிழையைத் தலைகீழாகச் செய்வதன்றி வேறல்ல.

கடுஞ்சொற்களையே கைவிட்டுவிடலாம் என்பாரும் உளர். அதுவும் ஏற்கத் தக்கதன்று. கடுஞ்சொல் வழங்க வேண்டிய இடத்தில் மென்சொல் வழங்குவதும் பொய்யே. வட்டிக்கு மேல் வட்டி வாங்கிக் காணியை எழுதி எடுத்தவனைக் கண்டிப்பானவர் என்கிறோம். பிள்ளைகளின் கையைப் பிரம்பாற் பழுக்கவைக்கும் ஆசிரியரை ஒழுங்கு பேணுபவர் என்கிறோம். பெண்ணொருத்தி தன் கருத்தில் நிலைத்து நின்றால் அடங்காப்பிடாரி என்கிறோம். அவளுடைய கணவன் அவ்வாறு நின்றால் உறுதி படைத்தவர் என்கிறோம். வசதி படைத்தவன் செலவைக் குறைத்தாற் சிக்கனம். வசதியற்றவன் குறைத்தாற் கஞ்சத்தனம். ஒரே செயலுக்கு இரண்டு விலைச்சீட்டுகள் ஆயத்தமாக உள்ளன. ஆளின் முகத்தைப் பார்த்த பின்னரே எதை ஒட்டுவது என்று தீர்மானிக்கிறோம்.

ஆகவே, நடத்தையைக் குறிக்கும் ஓர் அடைமொழியைச் சரியாக வழங்குவதற்கு இலக்கண அறிவு மட்டும் போதாது. மூன்று கேள்விகளை நம்மிடம் நாமே கேட்க வேண்டும் என்று கருதுகிறேன். இவ்வடைமொழி எந்தச் செயலைக் குறிக்கிறது? அச்செயலைச் சுட்டிக்காட்ட முடியாதாயின் அடைமொழி பொருளற்றது. இதே செயலை வேறொருவர் செய்தால் இதே சொல்லைச் சொல்வேனா? ஆளை மாற்றியதும் சொல் மாறுமாயின், நான் குறித்தது செயலை அன்று; ஆளின் நிலையையே. இச்சொல்லைச் சொல்லும் நான் எங்கே நிற்கிறேன்? மேலே நின்று கீழே நோக்கிச் சொல்லப்படும் கண்டனம், சொல்பவனுக்கு ஒரு நட்டமும் தராது. அத்தகைய கண்டனத்தை இருமுறை நிறுத்துப் பார்த்தல் தகும்.

சொற்களைத் திருத்திவிட்டாற் சமூகம் திருந்திவிடும் என்ற மயக்கம் எனக்கு இல்லை. கூலியும் காணியும் அதிகாரமும் இன்றுள்ளவாறே இருக்கையில், ஒரு சொல்லை மாற்றினால் இன்னொரு சொல் அதன் இடத்துக்கு வரும். சாதிப் பெயரை வெளிப்படையாகக் கூற வெட்கப்படும் இக்காலத்தில், அவையள், அந்தப் பக்கத்து ஆட்கள் என்றெல்லாம் அடையாளம் மட்டும் மாறி வழங்குவதைக் காண்கிறோம் அல்லவா? ஆயினும் பாடசாலையில் இருக்கும் எனக்கு, என் கைக்கு எட்டிய வேலை ஒன்றுண்டு. அநீதி தன்னை நீதியாகக் காட்டிக்கொள்வதற்குச் சொற்கள் வேண்டும். அச்சொற்களைப் பிள்ளைகள் என் வகுப்பறையிலேதான் வாக்கியமாக்கப் பழகுகிறார்கள். அங்கே நான் இடும் ஒவ்வொரு சரியடையாளமும் ஒரு கையொப்பம்.

அடுத்த நாள் கொப்பிகளைத் திருப்பிக் கொடுத்தேன். 22 வாக்கியங்களுக்கும் புள்ளி குறைக்கவில்லை. ஒவ்வொன்றின் கீழும், இச்செயலை வேறொருவர் செய்வதாக வைத்து மீண்டும் எழுதுக என்று குறித்திருந்தேன். மாணவியின் வாக்கியத்தில், சொன்னார் என்பதன் முன்னே எழுவாயை நானே எழுதிச் சேர்த்தேன். வகுப்பின் முன்னிலையில், அன்று நான் சொன்னது பிழை என்றும் கூறினேன். மாணவர் அமைதியாக இருந்தனர். ஆசிரியர் ஒருவர் பிழையை ஒப்புக்கொள்வது அவர்களுக்குப் பழக்கமானதன்று. அம்மாணவி சிறிது நேரம் கொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னர் எழுந்தாள்.

“அப்ப அந்தக் கேள்விக்கு விடை என்ன, சேர்?” என்றாள்.

மன்னிப்புக் கேட்டதோடு கடமை முடிந்தது என்று நான் எண்ணியிருந்தேன், அது முடியவில்லை. எனக்குத் தெரிந்த அளவிற் கூறினேன். உயர்வையும் தாழ்வையும் இலக்கணகாரர் உண்டாக்கவில்லை. நிலமும் பொருளும் சிலர் கையிற் சேர்ந்த சமூகத்தில் ஏலவே இருந்த வழக்கை அவர்கள் பதிவு செய்தனர். பதிவு செய்யப்பட்டது பின்னர்க் கட்டளையாகக் கொள்ளப்பட்டது. ஆயின் மக்கள் அக்கட்டளைக்கு முற்றாக அடங்கவில்லை. இன்று நாம் கடைக்காரரிடமும் ஆசிரியரிடமும் தோழரிடமும் தாருங்கள் என்றே கேட்கிறோம். ஒத்தவனுக்கு உரியது என்று விதிக்கப்பட்ட தா என்னும் சொல்லே எல்லோருக்கும் உரியதாயிற்று. தாழ்ந்து கேட்கும் ஈ பேச்சிலிருந்து மறைந்தது. சமத்துவம் நம் வாழ்வில் முழுமையாக வந்துவிடவில்லை. எனினும் இந்த ஒரு சொல்லில் அது வந்துவிட்டது. அதனைக் கொண்டுவந்தவர்கள் பெயர் தெரியாத பொதுமக்கள். அவர்களுள் முதலாவதாக ஒருவன், ஈ என்று கேட்க வேண்டிய இடத்தில் தா என்று கேட்டிருப்பான். அன்று அவனை என்ன சொல்லி அழைத்திருப்பார்கள் என்பதை நாம் ஊகிக்கலாம்.